நூறு கிலோ காய்க்கு எத்தனை சிப்ஸ்

எங்கள் அப்பாவுக்கு யார் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லித்தான் பழக்கம். ரோட்டில் போகிறவர் வண்டியை நிறுத்தி, கோயமுத்தூர்ப் பக்கம் கையைக் காட்டி, "இப்படியே போனாப் பொள்ளாச்சிங்களா?" என்று கேட்டால்கூட முதலில் "ஆமாங்க" என்பார். அப்புறம்தான், "ஆனா அது கோயமுத்தூருங்க. பொள்ளாச்சிக்கு வண்டியத் திருப்பிக்கோணுமுங்க" என்று அவர் மனம் நோகாமல் சொல்லுவார். எதிரில் நிற்பவரின் பேச்சை மறுப்பது, வீட்டுக்கு வந்த ஒறம்பரையைப் பசியோடு அனுப்புவதற்குச் சமம் என்பது அவருடைய எண்ணம். இந்தக் குணத்தினால் ஊரில் அவருக்கு ஒரு பகையாளிகூடக் கிடையாது. ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்த ஒற்றைச் சொல்லினால் எங்கள் கடையே கையை விட்டுப் போகப் பார்த்தது.

கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டின் மேலேயே எங்கள் சிப்ஸ் கடை. முன்னால் கடை, அதன் பின்னால் பட்டறை, அதற்கும் பின்னால் வீடு. நேந்திரங்காய் சிப்ஸ்தான் பிரதானம். சத்தியமங்கலத்திலிருந்தும் தொண்டாமுத்தூரிலிருந்தும் டெம்போவில் காய் தார் தாராக வந்து இறங்கும். பாலக்காட்டுக்காரரான மாஸ்டர் ஒருவர் கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்கு மேலேயே சீவுகட்டையை வைத்துக் காயைச் சீவுவார். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது அப்பா. பட்டறை அம்மாவின் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ தார் வெட்டினோம், எத்தனை கிலோ சிப்ஸ் எடுத்தோம் என்று அம்மா ஒரு நோட்டில் எழுதி வைப்பார். வரிக்காக அல்ல. மாஸ்டர் காயை அதிகமாகக் கருக்கிவிடுகிறாரா, தோலோடு சதையையும் சேர்த்துச் செதுக்கித் தள்ளுகிறாரா என்று கண்டுபிடிப்பதற்காக.

ஜிஎஸ்டி எல்லாம் வருவதற்கு முன்பு, வாட் வரி இருந்த காலம் அது. ஒரு நாள் வணிகவரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கடையைப் பார்வையிட வந்தார்கள். அம்மா சூலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். பில் புத்தகங்களைப் பார்த்தார்கள், காய் வாங்கிய சீட்டுகளைப் பார்த்தார்கள். எழுந்திருக்கப் போகும்போது அவர்களில் ஒருவர், "நூறு கிலோ காய் போட்டா ஒரு நாப்பது கிலோ சிப்ஸ் வருமுங்களா?" என்று கேட்டார். அப்பா, "ஆமாங்க, வருமுங்க" என்றார். அவர் அதை ஒரு தாளில் எழுதினார். அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். இருவரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா திரும்பி வந்து கேட்டதும் பதறிப் போனார். "ஏனுங்க, இருபத்தஞ்சு தாண்டாதுங்களே! எந்தக் காலத்துல நாப்பது வந்துது?"

"கேட்டாங்க, சொல்லிப்போட்டேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் அப்பா.

அதற்கென்ன என்பது இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. மூன்று வருஷத்தில் நாங்கள் வாங்கிய காயையெல்லாம் கூட்டி, நூற்றுக்கு நாற்பது என்று கணக்குப் போட்டு, இவ்வளவு சிப்ஸ் செய்திருக்க வேண்டும், பில்லில் இருப்பது இவ்வளவுதான், மிச்சத்தை மறைத்து விற்றிருக்கிறீர்கள் என்று நோட்டீஸ். அதற்கு வரி, வரிக்கு மேல் அபராதம். ஆட்சேபணை இருந்தால் பதில் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. தொகையை அப்பா வாய்விட்டுச் சொல்லவே இல்லை. "கடையை வித்தாலும் பத்தாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அன்று வாடிக்கைக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் பெரியவர்கள் பேசியதிலிருந்து எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. சிப்ஸ் காணாமல் போயிருக்கிறது. அது எங்கே போனது என்று சர்க்கார் கேட்கிறது. அதற்கான பதில் அந்த வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒரு டிபன் பாக்ஸ் நிறைய சிப்ஸை அள்ளிக்கொண்டு போய் என் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்துவந்தேன். எங்கள் பெஞ்சில் இடம் பிடிக்கப் போட்டியே நடக்கும். அந்தப் பெருமையின் விலை இப்போது தபாலில் வந்திருக்கிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லத் துணிவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். அவர் தேங்காய் புரோக்கர். எந்த ஆபீஸிலும் அவருக்கு "நம்ம ஆள்" ஒருவர் இருப்பார். "மாப்ளே, நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. நம்ம ஆள் ஒருத்தரப் புடிச்சு வச்சிருக்கறேன். ஒரு கவரு குடுத்தா முடிஞ்சுது சோலி" என்றார். விசாரித்துப் பார்த்ததில், அந்த நம்ம ஆள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் என்று தெரிந்தது.

அப்பா வழக்கம்போல் "ஆமாங்க மச்சான்" என்றார். அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. "தப்புப் பண்ணுனவங்க கவரு குடுக்கட்டும். நம்ம எதுக்குக் குடுக்கோணும்? காய் வந்ததும் நெசம், சிப்ஸ் போனதும் நெசம். எல்லாத்தையும் நா எழுதி வச்சிருக்கறேன்." ஊறுகாய் போட்டு விற்கிற அம்மாவின் சிநேகிதி ஒருவருக்கு முன்பு இப்படி ஒரு நோட்டீஸ் வந்ததாம். கோயமுத்தூரில் ஒரு பெண் ஆடிட்டர் பார்த்துக் கொடுத்தாராம். அந்த விலாசத்தை அம்மா வாங்கி வந்திருந்தார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம். டவுன்ஹால் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவருடைய ஆபீஸ். முறைப்படி அவர் ஆடிட்டர் அல்ல, வரி ஆலோசகர். ஆனால் எங்கள் பக்கத்தில் வரிக்கணக்குப் பார்க்கிற எல்லோருமே ஆடிட்டர்தான். அதனால் அவர் எங்களுக்கு ஆடிட்டரம்மா. ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மெல்லிய சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம் என்று அறிமுகமானவுடனேயே சொல்லிவிட்டார்.

நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க."

"நாப்பது கிலோ வரும்னு நீங்களே சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"நெசமாவே வருமா?"

"ஆமா..." அம்மா மேசைக்கு அடியில் இடித்தார். "இல்லீங்க."

ஆடிட்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு அவரு அறுவது வருமான்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அப்பா உண்மையாகவே யோசித்தார். "அவரு கேக்கறாருன்னா... வந்தாலும் வருமுங்கன்னு சொல்லியிருப்பனுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பல நாளுக்கு அப்புறம் அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆடிட்டரம்மா ஒரு தாளை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார். "இதுல கையெழுத்துப் போடுங்க. இனிமே உங்களுக்காக நா பேசறேன். அங்க ஆரு என்ன கேட்டாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தலையக்கூட ஆட்டக் கூடாது."

தாளை நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். இந்த விவகாரத்தில் அவர் பேசுவது அப்பா பேசியதாகவே கொள்ளப்படும் என்று இருந்தது. இப்படி ஒரு வசதி உலகத்தில் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. எங்கள் கணக்கு டீச்சரிடம் எனக்காகப் பேசவும் இப்படி ஒருவர் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாதுங்க. தப்பு இருந்தாத் தப்புன்னு சொல்லுங்க, அதுக்கும் ஒரு வழி இருக்குது. எனக்குத் தெரியாத ஒண்ணு அதிகாரிக்குத் தெரிஞ்சுதுன்னா, அப்புறம் நா பேசறதுக்கு அங்க எடமில்ல" என்றார் ஆடிட்டரம்மா.

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் டிபன் பாக்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அடுக்கினார். எண்ணெய்க் கறை படிந்த நோட்டுகள். ஆடிட்டரம்மா ஒரு மணி நேரம் தலை நிமிராமல் பார்த்தார். நூற்றுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு. தீபாவளிச் சமயத்திலும் அப்படித்தான், கோடையிலும் அப்படித்தான். "அம்மணி, இது நோட்டில்ல, தங்கம்" என்று அம்மாவிடம் சொன்னார். கூடவே, கொண்டுபோயிருந்த பில் புத்தகங்களில் இரண்டு மாதத்து விற்பனைக் கூட்டல் தப்பாக இருப்பதையும் கண்டுபிடித்து, "இதுக்கு வரி கட்டித்தான் ஆகோணும். நானே ஒத்துக்குவேன்" என்றார். அப்பா, "ஆமாங்க" என்றார். அது ஒன்றுதான் அவர் சரியான இடத்தில் சொன்ன ஆமாங்க.

விசாரணை நாளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததை அப்பா வந்து சொன்னார். அதிகாரி லேசுப்பட்டவர் அல்லவாம். "உங்க கட்சிக்காரரே நாப்பதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. இந்த நோட்டு நீங்களே எழுதுனது. நாளைக்குப் பத்துன்னு எழுதிட்டு வந்தாலும் நா நம்போணுமா?" என்று கேட்டாராம். ஆடிட்டரம்மா கொஞ்சமும் அசரவில்லை. "காகிதத்த நம்பவே வேண்டாங்க சார். என்னையும் நம்ப வேண்டாம். பட்டறைக்கு வாங்க. காயை நீங்களே எடுங்க. உங்க கண்ணு முன்னால பொரிச்சு, உங்க கையாலயே எடை போட்டுக்குங்க" என்று சொல்லி, அதையே எழுத்திலும் கொடுத்தாராம். அதிகாரி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாராம்.

"நா ஒரு வார்த்த பேசுல தெரியுமா" என்று அப்பா அதைத்தான் நாலு தடவை சொன்னார்.

அவர்கள் வருகிற நாள் காலாண்டு லீவில் வந்தது. காலையிலேயே மாமா வந்துவிட்டார். என்னை வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார்.

"கண்ணு, இன்னைக்கு எடை எவ்வளவு கொறையுதோ அவ்வளவுக்கு உங்கப்பன் பொழைச்சான். பொரிச்சத வடிய வைக்கற கூடை இருக்குதல்ல, அதுல இருந்து நாலு மொறம் அள்ளி உன்ற பள்ளிக்கூடப் பையில போட்டுக்கோ. நீ சின்னப் புள்ள, உன்ன ஆரும் பாக்க மாட்டாங்க. நா அவங்களப் பேச்சுல வச்சுக்கறேன்."

வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் பயந்திருக்கும். எனக்கோ மாமா தெய்வமாகத் தெரிந்தார். இத்தனை வருஷமாகச் சிப்ஸை எடுத்து அப்பாவை இந்தக் கதிக்கு ஆளாக்கியவள் நான். அதே சிப்ஸை எடுத்து அவரைக் காப்பாற்றவும் ஒரு வழி இருக்கிறது என்றால் எப்படி விடுவேன்? பையிலிருந்த புத்தகங்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கணக்குப் புத்தகம் மட்டும் அவசரத்தில் உள்ளேயே நின்றுவிட்டது.

பத்து மணிக்கு அதிகாரியும் ஒரு உதவியாளரும் வந்தார்கள். ஆடிட்டரம்மா அதற்கு முன்பே முதல் பஸ்ஸில் வந்து, எடை மெஷினுக்கு முத்திரை போட்ட சான்றிதழைத் தயாராக வாங்கி வைத்திருந்தார். அதிகாரி ஒல்லியானவர். சிரிக்கவே மாட்டார்போல இருந்தது. கொடுத்த காபியைக்கூட வேண்டாம் என்றார். தார்க்குவியலைச் சுற்றி வந்து, அடியில் கிடந்தவற்றை உருவச் சொல்லித் தானே நாலைந்து தாரைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பது கிலோ எடை போட்டாகிவிட்டது.

மாஸ்டர் முதலில் சீப்புகளை வெட்டித் தண்டைத் தனியே போட்டார். அதிகாரி தண்டை எடை போட்டு எழுதினார். பிறகு தோலைச் சீவிக் காயை மஞ்சள் தண்ணீரில் போட்டார். தோல் மலைபோலக் குவிந்தது. அதையும் அதிகாரி எடை போட்டார். காகிதத்தைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். ஐம்பது கிலோவில் ஏறக்குறைய பாதி எண்ணெயைப் பார்க்காமலே குப்பைக்குப் போய்விட்டிருந்தது.

ஆடிட்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளையைப் போல அமைதியாக இருந்தார்.

எண்ணெய் காய்ந்ததும் முதல் ஈடு சீவி விழுந்தது. மாஸ்டர் உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி தெளித்தார். எண்ணெய் படபடவென்று பொங்கியது. அதிகாரி இரண்டடி பின்னால் போய், "இன்னும் கொஞ்சம் வேகோணுமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஆடிட்டரம்மாவைப் பார்த்தார். "மாஸ்டர் சொல்லுவாருங்க சார்" என்றார் ஆடிட்டரம்மா. மாஸ்டர், "சத்தம் மாறணும் சாரே" என்றார். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. ஈரமாக இரைந்த எண்ணெய், சில்லறைக் காசைக் குலுக்குவதுபோல் கலகலத்தது. சிப்ஸை அரித்தெடுத்துப் பெரிய மூங்கில் கூடையில் கொட்டினார்கள்.

ஈட்டுக்குப் பின் ஈடு கூடைக்கு வந்தது. எல்லோருடைய முகமும் அடுப்பைப் பார்த்தே இருந்தது. கூடை அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. மாமா உதவியாளரிடம் தேங்காய் விலையைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் சின்ன முறத்தை எடுத்தேன். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதை நிரப்பியே அள்ளினேன். நாலாவதையும் போட்டுப் பையை மூடி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். ஆடிட்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. கண்ணை எடுத்துக்கொண்டார். சொல்ல மாட்டார், அவர் நம்ம ஆள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

கடைசி ஈடும் வடிந்தது. உதவியாளர் கூடையைத் தூக்கி மெஷின் மேல் வைக்கப் போனார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று ஆடிட்டரம்மா எழுந்தார். என் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார். பெஞ்சுக்கு அடியிலிருந்து பையைத் தானே எடுத்தார். "இதுல இருக்கறதும் அந்தக் கூடையில சேரோணுமுங்க."

அப்பாவின் துண்டு கீழே விழுந்தது. அம்மா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா இரண்டே எட்டில் சாக்குகளுக்குப் பக்கத்தில் போய், எண்ணெய் டின்னில் ஒட்டியிருந்த லேபிளைக் குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

அதிகாரி பையைத் திறந்தார். சூடு ஆறாத சிப்ஸ். நடுவில் எண்ணெய் ஊறிய ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அதை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, எதுக்கு எடுத்தே?"

மாமாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதியாக இருந்தது. "தின்னறதுக்குங்க" என்றேன்.

"இவ்வளவுமா?"

"ஆமாங்க."

அப்பாவின் மகள் அல்லவா. அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நாட்கணக்காக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "தெனமும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துட்டுப் போவனுங்க. காணாமப் போன சிப்ஸெல்லாம் நான் எடுத்ததுதானுங்க. எங்கப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எங்க கடைய எடுத்துக்காதீங்க." அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அதிகாரி அந்த இடத்திலேயே பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆடிட்டரம்மாதான் பேசினார். குரல் கொஞ்சமும் தாழவில்லை.

"சார், இதையும் சேர்த்து எடை போட்டு எழுதிக்குங்க. அப்புறம் உங்களுக்குத் திருப்தியில்லைன்னா வேற காய் எடுங்க. மொதல்ல இருந்து இன்னொருக்காப் பொரிக்கலாம். இந்த மொறை மாஸ்டரும் நீங்களும் தவிர இங்க ஆருமே வேண்டாம். நாங்கூட வெளிய நிக்கறேன். அதே எடைதான் வரும்."

பைச் சிப்ஸைச் சேர்த்துப் போட்டதில் பன்னிரண்டரை கிலோ வந்தது. ஐம்பதுக்குப் பன்னிரண்டரை. அம்மாவின் நோட்டில் இருந்த அதே இருபத்தைந்து. அதிகாரி அதை எழுதிக்கொண்டு, "இன்னொரு ஐம்பது கிலோ எடுங்க" என்றார்.

இரண்டாவது முறை எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அம்மா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் செய்தித்தாளை வைத்து எண்ணெயை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு டப்பா எடுத்துட்டுப் போறது எனக்குத் தெரியாதா? தெனமும் அத நாந்தான கழுவறேன்" என்று மட்டும் சொன்னார். மத்தியானம் தாண்டி ஆடிட்டரம்மா உள்ளே வந்து, "பன்னெண்டு கிலோ முன்னூறு" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது ஆடிட்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எங்களுக்காகப் பேசுவதற்கென்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எதிரியின் முன்னால் எங்களைக் காட்டிக் கொடுத்தவர் அவர் என்று எனக்குக் கோபம். அவர் வற்புறுத்தவில்லை. "புள்ளைய வையாதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. நாற்பது கிலோக் கணக்கு முழுவதும் தள்ளுபடி. ஆடிட்டரம்மா தானாகவே ஒத்துக்கொண்ட அந்த இரண்டு மாதக் கூட்டல் பிழைக்கு மட்டும் வரியும் சிறு அபராதமும் இருந்தன. அப்பா மறுநாளே போய்க் கட்டிவிட்டு, வருகிற வழியில் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். மாமா கடைக்கு வந்த நாலு பேரிடம், "நம்ம ஆள்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருந்தேன்" என்றார். அப்பா, "ஆமாங்க மச்சான்" என்றார்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு லீவில் அம்மாவிடம் கேட்டேன், ஆடிட்டரம்மா ஏன் அன்றைக்கு அப்படிச் செய்தார் என்று. அம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். நான் எடுத்தது ஒரு கிலோ இருநூறு. அதை விட்டு எடை போட்டிருந்தால் நூற்றுக்கு இருபத்து மூன்றுகூட வந்திருக்காது. எங்கள் நோட்டிலோ மூன்று வருஷமாக இருபத்தைந்து. வாங்கிய காயில் வரவே முடியாத சிப்ஸை எப்படி விற்றீர்கள், அதற்கான காயை எங்கே மறைத்து வாங்கினீர்கள் என்று அடுத்த நோட்டீஸ் வந்திருக்கும். எங்களைக் காப்பாற்றிய நோட்டே எங்களை மூழ்கடித்திருக்கும். அதைவிட, தன் கண்ணால் பார்த்த ஒன்றை மறைத்துவிட்டு எங்களுக்காக வாயைத் திறக்க அவரால் முடிந்திருக்காது என்றார் அம்மா.

அந்த லீவில்தான் அன்றைய பரிசோதனைக் குறிப்பின் நகலையும் பார்த்தேன். தண்டு இவ்வளவு, தோல் இவ்வளவு என்று அதிகாரி தன் கையால் எழுதியிருந்தார். இடையில் ஒரு வரி: "வீட்டுக் குழந்தை தின்பதற்காக எடுத்து வைத்திருந்த ஒரு கிலோ இருநூறு கிராமும் சேர்த்து எடை போடப்பட்டது." அவ்வளவுதான்.

அதை எழுதுவதற்கு முன் அவர் தலையைத் தூக்கிச் சாக்குகளின் பக்கம், எண்ணெய் டின்னை இன்னும் படித்துக்கொண்டிருந்த மாமாவை, ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து எழுதினார். மூன்று வருஷத்து நோட்டை நம்பாதவர், ஒரு தடவை பொரித்த காயைக்கூட நம்பாமல் இன்னொரு தடவை பொரிக்கச் சொன்னவர், தின்பதற்கு என்று நான் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட்டார். துளிகூடத் தடுமாறாமல் சொன்னதால்தான் நம்பினார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவ்வளவு பெரிய அதிகாரியையே ஏமாற்றி மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று ரொம்ப நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.